ஜப்பானில் ஆங்கிலம் கற்பிப்போர்: பணி நிலையும் நோய் விடுப்பும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜப்பானில் ஆங்கிலம் கற்பிக்கும் வெளிநாட்டவரைப் பெரும்பாலும் இரண்டு இடங்களில் காணலாம். ஒன்று, மாகாண, நகராட்சிக் கல்வி வாரியங்களின் கீழ் உள்ள பள்ளிகள். அங்கே ஜப்பானிய ஆசிரியரோடு சேர்ந்து வகுப்பெடுக்கும் உதவி ஆசிரியரை ஏ.எல்.டி. என்பார்கள். மற்றொன்று, எய்கைவா எனப்படும் தனியார் ஆங்கிலப் பேச்சுப் பயிற்சி நிலையங்கள். இந்த இரு வகையினரும், அங்கே வேலைக்குப் போகலாமா என்று யோசிக்கும் நம்மவரும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை எழுதியிருக்கிறேன். பல்கலைக்கழக விரிவுரையாளர்களின் நிலை வேறு. அதை இதில் சேர்க்கவில்லை.

ஓர் ஆண்டில் நோய் விடுப்பு எத்தனை நாள் கிடைக்கும்?

சட்டத்தைக் கேட்டால், ஒரு நாளும் இல்லை. 1947இல் இயற்றப்பட்ட தொழிலாளர் தரச் சட்டம் ஆண்டு விடுப்பைப் பற்றியும் மகப்பேற்று விடுப்பைப் பற்றியும் விரிவாகப் பேசுகிறதே தவிர, நோயுற்றவருக்குச் சம்பளத்துடன் விடுப்புத் தர வேண்டும் என்று எங்கும் சொல்லவில்லை. தற்செயல் விடுப்பு 12 நாள், மருத்துவ விடுப்பு தனி, ஈட்டிய விடுப்பு தனி என்று தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் கணக்கு வைத்துப் பழகியவருக்கு இது நம்ப முடியாததாகவே இருக்கும்.

நோய் விடுப்பைத் தருவதும் தராததும் நிறுவனத்தின் பணி விதிகளைப் பொறுத்தது. பத்துப் பேருக்கு மேல், அல்லது சரியாகப் பத்துப் பேர், வேலை செய்யும் இடத்தில் இந்த விதிகளை எழுத்தில் வைத்துத் தொழிலாளர் தரக் கண்காணிப்பு அலுவலகத்தில் ஒப்படைப்பது கட்டாயம். தொழிலாளர் அவற்றைப் பார்க்கும்படி வைப்பதும் கட்டாயம். ‘ஷூக்யோ கிசொகு’ என்ற அந்த ஏட்டைக் கேட்டு வாங்கிப் படித்தவர்கள் மிகக் குறைவு. பெரும்பாலான தனியார் நிறுவனங்களின் ஏட்டில் நோய் விடுப்பு என்ற தலைப்பே இருக்காது, அல்லது ‘சம்பளமின்றி’ என்ற சொல்லோடு இருக்கும். ஆகவே காய்ச்சலில் படுத்த நாள் ஆண்டு விடுப்பிலிருந்து கழியும். அதுவும் தீர்ந்துவிட்டால் அன்றைய சம்பளம் போகும். ஜப்பானிய ஆசிரியர்களும் சளி, காய்ச்சலுக்குத் தங்கள் ஆண்டு விடுப்பையே எடுக்கும் வழக்கம் பள்ளிகளில் பரவலாக இருப்பதால், ஆசிரியர் அறையில் யாரும் இதை ஒரு குறையாகக்கூடப் பேசமாட்டார்கள்.

அந்த ஆண்டு விடுப்பு எப்போது, எவ்வளவு கிடைக்கும்?

வேலையில் சேர்ந்து 6 மாதம் நிறைந்து, அந்தக் காலத்தில் பணி நாள்களில் 80 விழுக்காட்டுக்குக் குறையாமல் வந்திருந்தால் 10 நாள். அதற்குப் பிறகு ஒன்றரை ஆண்டில் 11, இரண்டரை ஆண்டில் 12, மூன்றரையில் 14, நான்கரையில் 16, ஐந்தரையில் 18, ஆறரை ஆண்டு கடந்தால் 20. எடுக்காத நாள் இரண்டு ஆண்டுகளில் காலாவதியாகும். வாரத்தில் நான்கு நாளோ அதற்குக் குறைவாகவோ, மொத்தம் 30 மணிக்குக் குறைவாக வேலை செய்பவருக்கும் நாள் கணக்குக்கு ஏற்ப விடுப்பு உண்டு. பகுதிநேர ஊழியருக்கு விடுப்பே கிடையாது என்று யாராவது சொன்னால் அது தவறு.

இடர் முதல் ஆறு மாதத்தில்தான் இருக்கிறது. பள்ளி ஆண்டு ஏப்ரலில் தொடங்குவதால், ஏப்ரலில் சேர்ந்தவருக்கு அக்டோபர் வரை கையில் ஒரு நாள்கூட இருக்காது. புது நாடு, புதுத் தட்பவெப்பம், இருமும் முப்பது பிள்ளைகள் நிறைந்த வகுப்பறை என்று உடம்பு மிக அதிகமாகச் சோதிக்கப்படும் காலமும் அதுவே. சில நல்ல நிறுவனங்கள் சேர்ந்த நாளிலேயே சில நாள்களை முன்கூட்டித் தருகின்றன. நேர்காணலில் சம்பளத்தைக் கேட்பதற்கு முன் இதைக் கேட்கலாம் என்பது என் கருத்து.

ஒவ்வோர் ஆண்டும் மார்ச்சில் ஒப்பந்தம் முடிந்து ஏப்ரலில் புது ஒப்பந்தம் போடுகிறார்கள். என் விடுப்புக் கணக்கு அழிந்துவிடுமா?

அதே நிறுவனம் என்றால் அழியாது. இடையில் சில நாள் இடைவெளி இருந்தாலும், உண்மையில் தொடர்ந்து வேலை செய்வதாகவே கணக்கிட வேண்டும் என்பதுதான் தொழிலாளர் துறையின் நிலைப்பாடு.

நிறுவனம் மாறினால் கதை வேறு. பல கல்வி வாரியங்கள் ஏ.எல்.டி. வேலையை ஒப்பந்தப்புள்ளி கோரி, குறைந்த விலை சொல்லும் நிறுவனத்துக்குக் கொடுக்கின்றன. இந்த ஆண்டு ஒரு நிறுவனம், அடுத்த ஆண்டு இன்னொன்று. ஆசிரியர் அதே பள்ளியில், அதே மேசையில், அதே பிள்ளைகளுக்குப் பாடம் நடத்திக்கொண்டிருப்பார். ஆனால் சம்பளச் சீட்டில் உள்ள பெயர் மாறியதும் அவருடைய விடுப்புக் கணக்கு சுழியத்துக்குத் திரும்பிவிடும். விடுப்பு பள்ளியைப் பொறுத்ததன்று, வேலை கொடுத்தவரைப் பொறுத்தது.

விடுப்புக்குக் காரணம் சொல்ல வேண்டுமா? மறுக்க முடியுமா?

காரணம் சொல்ல வேண்டியதில்லை. ஆண்டு விடுப்பை எதற்குப் பயன்படுத்துவது என்பது தொழிலாளரின் உரிமை என்றும், நிறுவனத்தின் ஒப்புதல் அதற்கு அவசியமில்லை என்றும் ஜப்பானிய உச்ச நீதிமன்றம் 1973இல் ஒரு வனத்துறை ஊழியர் வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது. வேலை உண்மையாகவே நடக்க முடியாமல் போகும் என்றால் வேறு நாளுக்கு மாற்றச் சொல்லும் அதிகாரம் மட்டுமே நிறுவனத்துக்கு உண்டு.

நோய்க்கு இதில் ஒரு முடிச்சு இருக்கிறது. சட்டத்தின் கண்ணில் நாள் என்பது நள்ளிரவில் தொடங்குகிறது. காலை ஆறரை மணிக்குத் தொலைபேசியில் அழைத்து, ‘காய்ச்சல், இன்று விடுப்பு எடுத்துக்கொள்கிறேன்’ என்று சொன்னால், கறாராகப் பார்த்தால் அது நாள் தொடங்கிய பின் கேட்ட விடுப்பு. அதை ஆண்டு விடுப்பில் சேர்ப்பது நிறுவனத்தின் விருப்பம். பெரும்பாலும் சேர்த்துக்கொள்வார்கள், பணி விதிகளிலேயே அப்படி எழுதியிருப்பதும் உண்டு. எழுதியிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். இரவிலேயே உடம்பு சரியில்லை என்று தெரிந்தால் பன்னிரண்டு மணிக்குள் ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிடுவது இன்னும் நல்லது.

பத்து நாளில் ஐந்து நாளை நிறுவனமே கோடை விடுமுறையில் கழித்துவிடுகிறது. இது சரியா?

ஊழியர்களின் பெரும்பான்மைப் பிரதிநிதியோடு எழுத்தில் உடன்பாடு செய்திருந்தால் சரி. ஆனால் ஐந்து நாளாவது ஊழியரின் விருப்பத்துக்கு விடப்பட வேண்டும். அந்தப் பிரதிநிதி யார், எப்போது தேர்ந்தெடுக்கப்பட்டார் என்று கேட்டுப் பாருங்கள். பல இடங்களில் பதில் வராது. 2019 ஏப்ரல் முதல், பத்து நாள் விடுப்புப் பெறும் ஒவ்வோர் ஊழியரும் ஆண்டுக்கு ஐந்து நாளையாவது எடுத்துவிட்டார் என்பதை உறுதிசெய்வது நிறுவனத்தின் கடமை என்றும் சட்டம் திருத்தப்பட்டுள்ளது.

‘ஹாகென்’, ‘கியோமு இதாகு’ என்கிறார்களே, இவற்றுக்கும் என் காய்ச்சலுக்கும் என்ன தொடர்பு?

உடம்பு சரியில்லாத காலையில் யாரை அழைப்பது என்பதிலிருந்தே தொடர்பு தொடங்கிவிடுகிறது.

ஹாகென் என்றால் ஆள் அனுப்பும் முறை. சம்பளம் தருவது நிறுவனம். அன்றாடம் வேலை வாங்குவது பள்ளி. விடுப்பு தர வேண்டியதும் நிறுவனம்தான். ஆகவே பள்ளியில் தேர்வு நேரம் என்பது மட்டும் விடுப்பைத் தள்ளிப்போடப் போதுமான காரணமாகாது. மாற்று ஆளை அனுப்ப நிறுவனத்தால் முடியுமா என்பதே கேள்வி.

கியோமு இதாகு என்றால் வேலையை மொத்தமாகக் குத்தகைக்கு விடுவது. பாடம் நடத்தித் தருகிறோம் என்று நிறுவனம் கல்வி வாரியத்திடம் ஏற்கிறது. பள்ளியில் உள்ள யாரும் ஆசிரியருக்கு நேரடியாக உத்தரவிடக் கூடாது. வகுப்பில் பக்கத்தில் நிற்கும் ஜப்பானிய ஆசிரியர், ‘அடுத்த பக்கத்தை வாசியுங்கள்’ என்று சொன்னாலே விதிமீறல் ஆகலாம். இருவர் சேர்ந்து நடத்தும் வகுப்பில் இது எப்படி இயலும் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. ஒப்பந்தத்தில் குத்தகை என்று எழுதிவிட்டு நடைமுறையில் பள்ளியே வேலை வாங்கும் இந்த ஏற்பாட்டைப் ‘போலிக் குத்தகை’ என்று தொழிலாளர் அலுவலகங்களே கண்டித்திருக்கின்றன.

இதே கியோமு இதாகு என்ற சொல் எய்கைவாக்களில் வேறு பொருளில் வரும்போதுதான் ஆபத்து அதிகம். அங்கே ஆசிரியரையே ‘தனி ஒப்பந்தக்காரர்’ என்று எழுதி வாங்கிக்கொள்கிறார்கள். அப்படியானால் ஆண்டு விடுப்பு இல்லை, வேலையிழப்புக் காப்பீடு இல்லை, நிறுவன உடல்நலக் காப்பீடு இல்லை. எனினும் சட்டம் பெயரைப் பார்ப்பதில்லை. நேரம், இடம், பாடநூல், உடை எல்லாவற்றையும் நிறுவனமே முடிவுசெய்தால், தாளில் என்ன எழுதியிருந்தாலும் நீங்கள் தொழிலாளர் என்று வாதிட இடமுண்டு.

ஜெட் திட்டத்தில் போனால் இந்தத் தொல்லை இல்லையாமே?

பெருமளவு உண்மை. வெளிநாட்டவரைப் பள்ளிகளுக்கு வரவழைக்க 1987இல் தொடங்கிய அரசின் ஜெட் திட்டத்தில் வருபவரை உள்ளாட்சி அமைப்பே நேரடியாக வேலைக்கு வைக்கிறது. ஆண்டு விடுப்போடு தனி நோய் விடுப்பும் பணி நிபந்தனைகளில் இருக்கும். அது எத்தனை நாள், சம்பளத்தோடா இல்லையா, எத்தனையாவது நாளில் மருத்துவச் சான்று கேட்பார்கள் என்பதெல்லாம் ஊருக்கு ஊர் மாறும். ‘ஒவ்வொருவர் நிலைமையும் வேறு’ என்பது ஜெட் ஆசிரியர்களிடையே கேலியும் அலுப்புமாகப் புழங்கும் வாசகம். தாளில் நோய் விடுப்பு இருந்தும், ஒரு நாள் காய்ச்சலுக்கு ஆண்டு விடுப்பையே எடுக்கும்படி துணைத் தலைமையாசிரியர் அன்போடு சொல்வார். ஐந்து ஆண்டுகளுக்கு மேல் இந்தத் திட்டத்தில் இருக்க முடியாது.

வாரத்துக்கு 29.5 மணி என்று ஒப்பந்தத்தில் ஏன் எழுதுகிறார்கள்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு விடையைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

ஜப்பானில் உடல்நலக் காப்பீடு இரண்டு வகை. ஒன்று ‘ஷாகாய் ஹோகென்’, நிறுவனம் வழியாகச் சேருவது. கட்டணத்தில் பாதியை நிறுவனம் கட்டும், ஓய்வூதியமும் சேர்ந்தே வரும். மற்றது ‘கொகுமின் கென்கோ ஹோகென்’, நகராட்சி நடத்துவது; முழுக் கட்டணமும் நம்முடையது. மருத்துவமனையில் இரண்டுக்கும் வேறுபாடு தெரியாது. இரண்டிலும் செலவில் 30 விழுக்காட்டைத்தான் நாம் கொடுக்கிறோம், மாதச் செலவு ஒரு வரம்பைத் தாண்டினால் மிகுதியைத் திரும்பப் பெறும் ஏற்பாடும் இரண்டிலும் உண்டு. வேறுபாடு தெரிவது நெடுநாள் படுக்கும்போது. ஷாகாய் ஹோகென் உள்ளவருக்கு நோய்க்கால உதவித்தொகை வரும். நகராட்சிக் காப்பீட்டில் பொதுவாக அது கிடையாது.

முழுநேர ஊழியரின் வேலை நேரத்தில் நான்கில் மூன்று பங்கு வேலை செய்பவரை ஷாகாய் ஹோகெனில் சேர்ப்பது கட்டாயம். நாற்பது மணியில் நான்கில் மூன்று பங்கு முப்பது. ஆகவே அரை மணியைக் குறைத்து 29.5 என்று எழுதினார்கள். இடைவேளை, வகுப்புக்கு முன் தயாரிப்பு, வகுப்புகளுக்கு நடுவே பள்ளியில் காத்திருப்பது ஆகியவற்றை வேலை நேரமாகக் கணக்கிடாமல், பாடம் நடத்தும் மணியை மட்டும் கூட்டினால் இந்த எண் எளிதாக வரும். நிறுவனத்தின் கட்டளைக்குக் கீழ்ப்பட்டுக் கழியும் நேரம் எல்லாம் வேலை நேரமே என்பது நீதிமன்றங்கள் ஏற்ற கொள்கை. அதனால் இந்தக் கணக்கு பல இடங்களில் நிற்காது.

மேலும், காலம் இந்தத் தந்திரத்தைத் தாண்டிவிட்டது. 2016 அக்டோபரில் 500 பேருக்கு மேற்பட்ட நிறுவனங்களிலும், 2022 அக்டோபரில் 100 பேருக்கு மேற்பட்டவற்றிலும், 2024 அக்டோபரில் 50 பேருக்கு மேற்பட்டவற்றிலும், வாரம் 20 மணி வேலையும் மாதம் 88,000 யென் சம்பளமும் இருந்தாலே சேர்க்க வேண்டும் என்று விதி விரிவடைந்தது. பெரிய எய்கைவாவோ ஏ.எல்.டி. நிறுவனமோ இன்னும் 29.5 மணியைக் காட்டி உங்களை நகராட்சிக் காப்பீட்டுக்கு அனுப்பினால் கேள்வி கேளுங்கள். சிறு நிலையங்களுக்கு மட்டும் பழைய நான்கில் மூன்று பங்குக் கணக்கே இன்னும் செல்லும்.

நோய்க்கால உதவித்தொகை எவ்வளவு, எத்தனை நாள்?

‘ஷோபியோ தெஆதெகின்’ என்பது அதன் பெயர். தொடர்ந்து மூன்று நாள் வேலைக்கு வர இயலாமல் இருந்தபின், நான்காம் நாளிலிருந்து, நாள் சம்பளத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு வரும். மொத்தம் 18 மாதம் வரை பெறலாம். 2022 சனவரி முதல், இடையில் வேலைக்குத் திரும்பிய நாள்கள் இந்த 18 மாதத்தில் கழிவதில்லை. நம் நாட்டு ஈ.எஸ்.ஐ. 70 விழுக்காட்டைத் தந்தாலும் பொதுவாக 91 நாளோடு நிறுத்திக்கொள்வதை நினைத்தால் இதன் அருமை தெரியும். மனச்சோர்வு முதலிய மனநோய்களுக்கும் இது பொருந்தும்.

காத்திருக்கும் மூன்று நாளில் சனி, ஞாயிறும் சேரும். ஆண்டு விடுப்பாகவும் அவற்றை எடுக்கலாம். ஆகவே கையில் உள்ள விடுப்பில் மூன்று நாளை முதலில் போட்டுவிட்டு, நான்காம் நாளிலிருந்து உதவித்தொகைக்கு விண்ணப்பித்து, மிச்ச விடுப்பைக் காப்பாற்றி வைத்துக்கொள்வது விவரம் தெரிந்தவர்கள் செய்வது. விண்ணப்பத்தில் மருத்துவரும் நிறுவனமும் எழுத வேண்டிய பக்கங்கள் உண்டு. முதல் நாளிலிருந்தே மருத்துவரைப் பார்த்திருக்க வேண்டும். வீட்டில் கஞ்சி குடித்துப் படுத்துவிட்டு இரண்டாம் வாரம் மருத்துவமனைக்குப் போனால், முந்தைய நாள்களுக்கு அவரால் சான்று எழுத முடியாது.

ஒரு நாள் காய்ச்சலுக்கும் மருத்துவச் சான்று கேட்கிறார்கள். கொடுக்கத்தான் வேண்டுமா?

ஆண்டு விடுப்பு என்றால் வேண்டாம். நோய் விடுப்பு என்றால் பணி விதியில் சொன்னபடி. ‘ஷிந்தான்ஷோ’ எனப்படும் சான்றுக்குக் காப்பீடு செல்லாது, சில ஆயிரம் யென் கையிலிருந்து போகும். மருந்துச் சீட்டோ மருத்துவமனை ரசீதோ போதுமா என்று கேட்டால் பலர் ஒப்புக்கொள்கிறார்கள்.

ஃப்ளூ வந்து தேறிவிட்டேன். ஆனாலும் இன்னும் இரண்டு நாள் வராதே என்கிறார்கள். சம்பளம்?

பள்ளிப் பிள்ளைகளுக்கு ஃப்ளூ வந்தால், நோய் தொடங்கி ஐந்து நாளும் காய்ச்சல் விட்டு இரண்டு நாளும் வரக் கூடாது என்று விதி இருக்கிறது. அது மாணவருக்கானது, ஆசிரியரைத் தடுக்கும் சட்டம் அன்று. உடல் தேறி வேலை செய்ய ஆயத்தமாக இருப்பவரை நிறுவனம் தன் முடிவால் வீட்டில் இருக்கச் சொன்னால், சராசரிச் சம்பளத்தில் 60 விழுக்காட்டையாவது தர வேண்டும் என்பது தொழிலாளர் தரச் சட்டத்தின் 26ஆம் பிரிவு.

நான் வராத நாளுக்கு மாற்று ஆசிரியர் செலவை என் சம்பளத்தில் பிடிக்கலாமா?

கூடாது. என் முதல் ஆண்டில், ஜூலை மாதக் காய்ச்சலில் இரண்டு நாள் படுத்தேன். அந்த இரண்டு நாள் சம்பளம் போனது நியாயம். விடுப்பு அப்போது பிறக்கவே இல்லை. ஆனால் சம்பளச் சீட்டில் ‘மாற்று ஏற்பாடு’ என்று இன்னொரு வரியும் இருந்தது. ஒப்பந்தத்தில் நான் கையெழுத்திட்டிருந்ததால் வாயை மூடிக்கொண்டேன். கையெழுத்திட்டிருந்தாலும் அது செல்லாது என்பதை இரண்டு ஆண்டு கழித்துத்தான் அறிந்தேன். ஒப்பந்த மீறலுக்கு இவ்வளவு அபராதம் என்று முன்கூட்டியே தொகை குறிப்பதை 16ஆம் பிரிவு தடைசெய்கிறது. ஒழுங்கு நடவடிக்கையாகச் சம்பளத்தைக் குறைப்பதானாலும், ஒரு நிகழ்வுக்கு ஒரு நாள் சராசரிச் சம்பளத்தில் பாதிக்கு மேலும், மொத்தத்தில் அந்தச் சம்பளத் தவணையில் பத்தில் ஒரு பங்குக்கு மேலும் போகக் கூடாது என்று 91ஆம் பிரிவு சொல்கிறது. காய்ச்சல் ஒழுங்கீனமும் அன்று.

பள்ளிப் படியில் விழுந்து கால் முறிந்தால்?

அது வேறு காப்பீடு. ‘ரோசாய்’ எனப்படும் பணி விபத்துக் காப்பீட்டில் மருத்துவச் செலவு முழுதும் கிடைக்கும். நான்காம் நாளிலிருந்து சம்பளத்தில் 80 விழுக்காடு வரும். ஒரு மணி நேரம் வேலை செய்பவருக்கும் இது உண்டு. வேலைக்குப் போகும் வழியில், சைக்கிளிலிருந்து விழுந்தாலும் உண்டு. மருத்துவமனையில் வழக்கமான உடல்நலக் காப்பீட்டைக் காட்டாமல், பணி விபத்து என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

நெடுநாள் நோயில் படுத்தால் வேலையை விட்டு நீக்குவார்களா? விசா போய்விடுமா?

கால வரையறை உள்ள ஒப்பந்தத்தை, தவிர்க்க முடியாத காரணம் இல்லாமல் நடுவில் முறிக்க முடியாது. உண்மையான அச்சம் மார்ச் மாதம். அப்போது புதுப்பிக்காமல் விட்டுவிடுவார்கள். தனியார் நிறுவனத்தில் ஐந்து ஆண்டுக்கு மேல் ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டால், கால வரையறையற்ற வேலையாக மாற்றக் கோரும் உரிமை 2013 ஏப்ரலிலிருந்து கணக்கில் வருகிறது. விசாவைப் பொறுத்தவரை, நியாயமான காரணம் இல்லாமல் மூன்று மாதம் உரிய வேலையில் இல்லாவிட்டால் வதிவுரிமையைப் பறிக்க முடியும். மருத்துவமனையில் இருந்ததற்கான தாள்கள் அனைத்தையும் பத்திரப்படுத்துங்கள். வேலை முடிந்தால் 14 நாளுக்குள் குடிவரவுத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும்.

இந்தியக் கடவுச்சீட்டோடு இந்த வேலைக்குப் போக முடியுமா?

தென்கொரியாவின் ஆங்கில ஆசிரியர் விசா பெரும்பாலும் ஏழு நாட்டவருக்கு என்றிருப்பதுபோல ஜப்பானில் நாட்டுப் பட்டியல் இல்லை. பள்ளி வேலைக்கான விசாவில், பன்னிரண்டு ஆண்டு ஆங்கில வழியில் படித்திருக்க வேண்டும் என்று கேட்கிறார்கள். நம் ஆங்கிலவழிப் பள்ளிச் சான்றுகள் இங்கே கைகொடுக்கும். எய்கைவாவுக்குப் பட்டப்படிப்பு வேண்டும். தடை விசாவில் இல்லை, ‘தாய்மொழியாளர்’ என்று விளம்பரத்தில் எழுதும் நிறுவனங்களின் மனத்தில் இருக்கிறது.

நிறுவனமே மூழ்கிவிட்டால்?

2007 அக்டோபரில், அந்நாட்டின் மிகப் பெரிய எய்கைவாவாக இருந்த நோவா கவிழ்ந்தபோது ஆயிரக்கணக்கான வெளிநாட்டு ஆசிரியர்கள் சம்பளமின்றி நின்றார்கள். நிறுவனம் ஏற்பாடு செய்த வீடுகளில் இருந்தவர்களுக்கு வீட்டுச் சிக்கலும் சேர்ந்தது. திவாலான நிறுவனம் வைத்த சம்பளப் பாக்கியில் 80 விழுக்காட்டை, ஓர் உச்சவரம்புக்கு உட்பட்டு, அரசு முன்பணமாகத் தரும் திட்டம் இருக்கிறது. அதை விண்ணப்பித்துத்தான் பெற வேண்டும்.

யாரிடம் முறையிடுவது?

சம்பளம், விடுப்பு, பிடித்தம் பற்றியவை தொழிலாளர் தரக் கண்காணிப்பு அலுவலகத்துக்கு. பெரிய ஊர்களில் ஆங்கிலத்தில் பேச ஏற்பாடு உண்டு. ஷாகாய் ஹோகெனில் சேர்க்காதது பற்றியது ஓய்வூதிய அலுவலகத்துக்கு. ஒசாகாவை மையமாகக் கொண்ட ஜெனரல் யூனியன், டோக்கியோவின் டோசென் ஆகிய தொழிற்சங்கங்களில் மொழி ஆசிரியர்கள் நிறைய இருக்கிறார்கள். நிறுவனத்தில் ஒரே ஒருவர் உறுப்பினரானாலும், சங்கம் பேச்சுக்கு அழைத்தால் நிறுவனம் மறுக்க முடியாது.

உடம்பு முடியாமல் வேலையை விடுகிறேன். மீதமுள்ள விடுப்பு என்னவாகும்?

கடைசி நாளுக்கு முன் முழுவதையும் எடுத்துவிடலாம். தள்ளிப்போட வேறு நாள் இல்லாததால் நிறுவனம் மறுக்க இயலாது. ஓராண்டுக்குக் குறையாமல் ஷாகாய் ஹோகெனில் தொடர்ந்து இருந்து, நோய்க்கால உதவித்தொகை பெறும் நிலையில் வேலையை விட்டால், விட்ட பிறகும் அந்தத் தொகை தொடரும். ஆனால் பணியின் இறுதி நாளன்று வேலைக்குப் போயிருக்கக் கூடாது. பிள்ளைகள் வாழ்த்து அட்டை எழுதி வைத்திருக்கிறார்கள், ஆசிரியர் அறையில் பூங்கொத்து வாங்கி வைத்திருக்கிறார்கள் என்று மரியாதைக்காகப் போய் ஒரு வகுப்பெடுத்து வந்தவர்கள், அந்த ஒரு நாளால் மீதி மாதங்களின் தொகை முழுவதையும் இழக்க நேரிடும். வாழ்த்து அட்டைகளை அடுத்த வாரம் போய் வாங்கிக்கொள்ளலாம்.